கொலஸ்ட்ராலும் தேங்காயும்: எல்லைப் பக்கத்து வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று இந்தப் பக்கம். பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று அந்தப் பக்கம், கேரளத்தில். குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-ல். ஆனாலும் தீயலும் (தேங்காயை வறுத்து அரைத்த குழம்பு) அவியலும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும் இன்றும் இரண்டு பக்கத்துக்கும் பொது. கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் கையில் கிடைக்கிற உணவுப் பட்டியல்தான் எங்கிருந்தோ வந்ததாக இருக்கிறது. ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், புரோக்கோலி, சப்பாத்தி. ஒரு வாரம் பிடிவாதமாகச் சாப்பிடுவார்கள், அப்புறம் பட்டியல் பிரிட்ஜ் கதவில் ஒட்டியபடியே கிடக்கும். உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு, நம் அடுப்படியை வைத்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதற்குத்தான் முதலிடம்.

ரிப்போர்ட்டில் நாலைந்து எண் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் எல்.டி.எல். இரத்தக் குழாயின் சுவருக்குள் போய்ப் படிவது இதுதான். அடுத்து ட்ரைகிளிசரைடு, மாவும் சர்க்கரையும் மதுவும் கூடினால் கூடுகிற கொழுப்பு இது. எச்.டி.எல். என்பது எல்லோரும் 'நல்ல கொலஸ்ட்ரால்' என்று சொல்வது. மொத்தக் கொலஸ்ட்ரால் என்று மேலே பெரிதாக இருக்கிற எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 236, எச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். பல லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து (36), அதையும் எச்.டி.எல்.லையும் மொத்தத்திலிருந்து கழிப்பார்கள். 158 வரும். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் வருவது 'நான் எச்.டி.எல்.', இந்த ஆளுக்கு 194. ட்ரைகிளிசரைடு கூடி எச்.டி.எல். குறைந்திருப்பது இந்தியர்களிடம் அதிகம் காணப்படும் நிலை. அப்படிப்பட்டவர்கள் இந்த எண்ணையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் போடவில்லை என்றால் நீங்களே கழித்துக்கொள்ளலாம்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே. தலைசுற்றல், பிடரி வலி ஒன்றும் கிடையாது.

கொலஸ்ட்ரால் கூடினால் எதுவும் தெரியாது. பிடரி வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிலருக்கு மட்டும் கண் இமையோரம் மஞ்சளாகத் தடித்திருக்கும், அல்லது குதிகாலுக்கு மேலே நரம்பு போல ஓடும் தசைநாண் தடித்திருக்கும். மற்றவர்களுக்கு இரத்தப் பரிசோதனைதான் ஒரே வழி.

எவ்வளவு இருந்தால் சரி?

எல்லோருக்கும் ஒரே எண் கிடையாது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வேறு நோய் இல்லாதவருக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 130-ஐத் தாண்டினால் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும், 160-ஐத் தாண்டினால் கூடுதல் என்றே கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் 100-க்குக் கீழே கட்டாயம், பலருக்கு 70-க்குக் கீழே கேட்பார்கள். ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கோ ஸ்டென்ட் வைத்தவருக்கோ 70 கூட அதிகம். 55, 50 என்று இப்போது இலக்கு வைக்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டு அண்ணனுக்கு 120 என்று விட்டுவிட்டார்கள், எனக்கு மட்டும் ஏன் மாத்திரை என்று கேட்பதில் பொருளில்லை.

ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருக்கட்டும். 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கிப்போகிற ஆபத்து உண்டு, அதைத் தள்ளிப்போடக் கூடாது. எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் மேலே இருக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் நல்லதா, கெட்டதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

அதிகம் வரும் கேள்வி இதுதான், வீட்டில் சண்டை வருவதும் இதில்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் பாதி. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும், நல்லெண்ணெயில் அதற்கும் குறைவு. நிறைவுற்ற கொழுப்பு கூடும்போது, இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் ஈரலில் குறைந்துபோகின்றன. அதனால் எல்.டி.எல். இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணெயில் கொலஸ்ட்ராலே இல்லை என்று புட்டியில் எழுதியிருப்பது உண்மைதான். செடியிலும் மரத்திலும் கிடைக்கும் எந்த எண்ணெயிலும் அது கிடையாது. ஆனால் இரத்தத்தில் எல்.டி.எல்.லைத் தேங்கவைப்பது கொழுப்பின் வகை.

'தேங்காய் எண்ணெயில் இருப்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, நேராக ஈரலுக்குப் போய் எரிந்துவிடும்' என்று வாட்ஸப்பில் ஒன்று சுற்றுகிறது. அதில் பாதியளவு இருப்பது லாரிக் அமிலம். பெயருக்கு நடுத்தரம் என்றாலும் உடம்பில் பெரும்பாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்பு போலவே நடந்துகொள்ளும். எரிந்துபோகும் என்று சொல்லப்படுகிற வகை இதில் கொஞ்சம்தான்.

2020-ல் பதினாறு ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்தார்கள். மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சராசரியாக 10 புள்ளி கூட்டியது, எச்.டி.எல்.லையும் 4 புள்ளி கூட்டியது. எச்.டி.எல். கூடியதைக் காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் எச்.டி.எல்.லை மட்டும் ஏற்றிவிடுவதால் மாரடைப்பு குறைவதில்லை என்பது அதற்கான மருந்துகளைப் பரிசோதித்தபோதே தெரிந்துவிட்டது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். கொச்சியில் 200 இதய நோயாளிகளைப் பாதிப் பேர் தேங்காய் எண்ணெய், பாதிப் பேர் சூரியகாந்தி எண்ணெய் என்று இரண்டு வருடம் சமைத்துச் சாப்பிட வைத்தார்கள். 2016-ல் வெளிவந்த அந்த ஆய்வில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தேங்காய் எண்ணெய் வியாபாரிகளுக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. அவர்கள் சொல்லாமல் விடுவது, அந்த நோயாளிகள் கொலஸ்ட்ரால் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்பதை.

என் கருத்து இதுதான்: எல்.டி.எல். சரியாக இருப்பவர் அவியலை இறக்கும்போது ஊற்றுகிற ஒரு கரண்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எல்.டி.எல். கூடியவர் தாளிக்க, வறுக்க, பொரிக்க எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றுவதை நிறுத்த வேண்டும். செக்கில் ஆட்டியதாக இருந்தாலும் கொழுப்பின் கணக்கு மாறாது. சொந்தத் தென்னந்தோப்பு இருந்தாலும் அப்படித்தான்.

தாத்தா தேங்காய் எண்ணெயிலேயே 90 வயசு வரை இருந்தாரே?

இருந்திருப்பார். தோட்டத்தில் வேலை செய்தார், எங்கே போனாலும் நடந்தார், எண்ணெய் அன்றைக்கு விலை கொடுத்து அளந்து வாங்கும் பொருள், பேக்கரி கிடையாது. தாத்தாவோடு பிறந்து ஐம்பதில் திடீரென்று போனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அப்படியானால் தேங்காயையே விட்டுவிட வேண்டுமா? தேங்காய் இல்லாமல் என்ன குழம்பு?

விட வேண்டாம், அளக்க வேண்டும். 100 கிராம் பச்சைத் தேங்காயில் சுமார் 33 கிராம் கொழுப்பு, அதில் 30 கிராம் நிறைவுற்றது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எல்.டி.எல்.லைக் குறைக்க வேண்டியவருக்கு அமெரிக்க இதய சங்கம் சொல்வது அதைவிடக் குறைவு, சுமார் 13 கிராம். காலையில் சம்மந்தி (தேங்காய்ச் சட்னி), மத்தியானம் துவரனும் (தேங்காய் போட்ட பொரியல்) அரைத்துவிட்ட மீன்கறியும், இரவு ஆப்பத்துக்குத் தேங்காய்ப் பால். இவ்வளவிலும் சேர்த்து ஒருவர் பங்குக்கு 50 கிராம் தேங்காய் போனாலே 15 கிராம் நிறைவுற்ற கொழுப்பு ஆகிவிட்டது. எண்ணெய், பால், இறைச்சி எல்லாம் இனிமேல்தான்.

நான் சொல்கிற எளிய வழி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு தேங்காய்க் கறி. தீயல் வைத்த நாளில் துவரனுக்குத் தேங்காய் வேண்டாம். கடுகு, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு வதக்கினாலே போதும். அவியல் வைத்தால் மீனை முளகிட்டதாக வையுங்கள். குடம்புளியும் மிளகாய்த்தூளும் போட்டுச் சிவப்பாக வைக்கிற அந்தக் கறியில் தேங்காயே கிடையாது, மறுநாள் இன்னும் ருசி. சம்மந்தியில் பாதிக்குப் பாதி பொட்டுக்கடலை சேர்க்கலாம். எரிசேரிக்குப் பூசணியும் பயறுமே திடம் கொடுக்கும். மேலே வறுத்துப் போடுகிற தேங்காயை ஒரு பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துருவல், பால் இரண்டில் துருவல் மேல். அதில் நாராவது இருக்கிறது. பிழிந்து எடுத்த பாலில் கொழுப்பு வந்துவிடும், நார் சக்கையோடு போய்விடும். இளநீரில் கொழுப்பு பெயரளவுக்குத்தான், அதைக் குடிக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் பொட்டாசியத்துக்காகக் கேட்டுக் குடியுங்கள்.

வேறு எந்த எண்ணெய் வாங்கலாம்?

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய், எது உங்கள் நாக்குக்குச் சரிப்படுகிறதோ அது. இரண்டை மாற்றி மாற்றியும் வாங்கலாம். ஆலிவ் எண்ணெய் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் அடிக்கடி மறந்துபோகிறது. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் இரண்டு லிட்டர் தீர்ந்துவிட்டால் அந்த மாதக் கணக்கு முடிந்தது.

சாயாக் கடையில் தினமும் ஒரு கடி (சாயாவோடு தின்கிற பலகாரம்) சாப்பிடுவேன். அதனால் பெரிதாக என்ன வந்துவிடும்?

பழம்பொரியோ பருப்பு வடையோ எப்போதாவது ஒன்று என்றால் ஒன்றும் வந்துவிடாது. தினமும் இரண்டு வேளை, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சர்க்கரைச் சாயா என்றால் வரும். மைதா, சர்க்கரை, பலமுறை காய்ந்த எண்ணெய் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான். ஏத்தங்காய் சிப்ஸ் இன்னும் மோசம். அது பெரும்பாலும் தேங்காய் எண்ணெயில் பொரிப்பது, டிவி முன்னால் உட்கார்ந்தால் கால் கிலோ எப்படித் தீர்ந்தது என்றே தெரியாது.

பேக்கரி பப்ஸில் ஒருகாலத்தில் வனஸ்பதி வழியாக டிரான்ஸ் கொழுப்பு ஏராளமாக இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்த அடுக்கடுக்கான மாவு நிற்பது இன்னமும் கெட்டிக் கொழுப்பில்தான்.

சாயாக் கடையைக் கைவிடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, ஊர்ச் செய்தி கிடைக்கிற இடம் அது. ஆகவே கட்டன் சாயா, சர்க்கரை பாதி, கடிக்கு அவித்த ஏத்தம்பழமோ வறுத்த நிலக்கடலை ஒரு பிடியோ. நிலக்கடலை எல்.டி.எல்.லைக் கொஞ்சம் இறக்கவே செய்யும்.

மீன் சாப்பிடலாம்தானே?

சாப்பிடலாம். இந்தக் கடற்கரைக்குக் கிடைத்திருக்கிற பெரிய அனுகூலமே அதுதான். சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), நெத்திலி மாதிரி கொழுப்புள்ள சின்ன மீன்களில் ஒமேகா-3 நிறைய. வாரம் இரண்டு தடவையாவது கறியாக வைத்துச் சாப்பிடுங்கள். விலை கூடின நெய்மீன்தான் சத்து என்று நினைக்கிறவர்கள் சாளையை ஏளனமாகப் பார்ப்பார்கள். இதயத்தின் கணக்கில் சாளை ஒன்றும் குறைந்ததில்லை. ஒரு விஷயம், மீனால் எல்.டி.எல். இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ட்ரைகிளிசரைடுக்குத்தான் அது உதவும். எல்.டி.எல். இறங்குவது மீன் எதற்குப் பதிலாக வந்தது என்பதைப் பொறுத்தது. மாட்டிறைச்சி வறுவலுக்குப் பதிலாக வந்தால் இறங்கும், அதனோடு கூடவே வந்தால் இறங்காது. எண்ணெயில் மூழ்க விட்டுப் பொரித்தாலும் பலன் போயிற்று; தோசைக்கல்லில் சுட்டெடுங்கள்.

இறால், கணவாய் இரண்டிலும் கொலஸ்ட்ரால் கூடுதல்தான், ஆனால் நிறைவுற்ற கொழுப்பு குறைவு. மாதம் ஓரிரு தடவை தின்பதில் தப்பில்லை. கருவாட்டில் பயப்பட வேண்டியது உப்புக்கு.

முட்டை?

மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவர் தினம் ஒன்று மஞ்சளோடு சாப்பிடலாம். ஒரு முட்டையில் 180 மில்லிகிராம் சொச்சம் கொலஸ்ட்ரால் உண்டு. ஆனாலும் தின்கிற கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புதான் இரத்தத்தில் எண்ணை ஏற்றுகிறது. சர்க்கரை நோயோ இதய நோயோ இருப்பவர் மஞ்சளை வாரம் மூன்று நாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பொரோட்டாவும் பீஃபும்?

பதில் உங்களுக்கே தெரியும். பிசையும்போதும் வீசும்போதும் கல்லில் போடும்போதும் எண்ணெய் வாங்குகிற மைதா, பக்கத்தில் தேங்காய்க் கொத்து போட்டு எண்ணெய் மினுங்க வறுத்த இறைச்சி. மாதத்தில் ஒரு நாள் ஆசைக்குச் சாப்பிடுங்கள், மறுபடி சாறு ஊற்றச் சொல்லாதீர்கள். வீட்டில் மாட்டிறைச்சி சமைத்தால் கொழுப்பில்லாத துண்டாகக் கேட்டு வாங்கி, வேகவைத்த தண்ணீரை ஆறவிட்டு, மேலே உறைகிற கொழுப்பை எடுத்துக் களைந்துவிட்டு அப்புறம் மசாலா சேர்க்கலாம். ஆளுக்கு மூன்று நாலு துண்டு. கோழியில் தோலைத் தவிர்த்தால் போதும்.

மரச்சீனியில் கொழுப்பே இல்லையே. எனக்கு ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

எல்.டி.எல். மட்டும் கூடியவருக்கு மரச்சீனியால் பெரிய கேடில்லை. ட்ரைகிளிசரைடு கூடியவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும்தான் பிரச்சினை. அது முழுக்க மாவு. 300 கிராம் கிழங்கு ஒரு தட்டுக்கு வந்தால் 400 கலோரிக்கு மேல் ஆகிவிடும். உடம்புக்குத் தேவைக்கு மேல் வந்த மாவை ஈரல் ட்ரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடும். தட்டில் கால் பங்கு கிழங்கு, மீதி மீனும் காய்கறியும் என்றால் பிரச்சினை தீர்ந்தது. சோற்றோடு கிழங்கையும் சேர்த்து உண்பது மட்டும் வேண்டாம். ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் கள்ளையும் மதுவையும் நிறுத்தாமல் கிழங்கை மட்டும் குறைத்தால் எண் அசையாது.

ஓட்ஸ் வாங்க வேண்டுமா?

பிடித்தால் வாங்குங்கள். அதில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் எல்.டி.எல்.லைக் குறைக்கும்; அதற்கு ஒரு நாளைக்கு 3 கிராம் வேண்டும், அதாவது சுமார் 75 கிராம் ஓட்ஸ். அவ்வளவையும் தினமும் குடிக்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

நம்மிடம் கஞ்சியும் பயறும் இருக்கிறது. குடலுக்குள் கரையும் நார் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். போனதை ஈடுகட்ட ஈரல் இரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதுப் பித்த அமிலம் செய்யும்; அப்படித்தான் எண் இறங்குகிறது. தினமும் வெந்த பயறு வகை 130 கிராம், அதாவது ஒரு முக்கால் கப், சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் குறைந்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. சிறுபயறு, காணம் (கொள்ளு), கொண்டைக்கடலை, பெரும்பயறு எதுவும் இதில் சேரும். புட்டுக்குப் பழமும் சர்க்கரையும் தொட்டுக்கொள்வதற்குப் பதில் கடலைக்கறி, சம்பா அரிசிக் கஞ்சிக்குப் பயறும் ஒரு கீரையும். கஞ்சிக்கு மேலே துருவிப் போடுகிற தேங்காயும் நாலு பொரித்த பப்படமும் இருந்தால் மட்டும் கணக்கு கெட்டுவிடும். வெண்டைக்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய், கொய்யா இவற்றிலும் இதே நார் உண்டு.

இது போதாது, சீக்கிரம் பலன் வேண்டும் என்றால் மருந்துக் கடையில் இசப்கோல் கிடைக்கும். தினம் 10 கிராம், நிறையத் தண்ணீரோடு. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் குடிக்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், தைராய்டு மாத்திரை என்றால் கண்டிப்பாக.

இலும்பன்புளி ஜூஸ் குடித்தால் கொலஸ்ட்ரால் கரைந்துவிடுமாமே?

தயவுசெய்து குடிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் இது முக்கியமான கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பச்சையாகக் காய்க்குமே, மீன்கறிக்கும் ஊறுகாய்க்கும் போடுவோமே, அந்தக் காய்தான். இரும்பன்புளி, புளிச்சிக்காய் என்று வீட்டுக்கு வீடு பெயர் மாறும். கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லிப் பத்து இருபது காயை மிக்ஸியில் அடித்து வெறும் வயிற்றில் குடிப்பது கேரளத்தில் பரவிய பழக்கம்.

அந்தக் காயில் ஆக்ஸாலிக் அமிலம் மிக அதிகம். செறிவான சாறாகக் குடிக்கும்போது அது கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும். 2013-ல் கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளிலிருந்து இப்படிச் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அதில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. கொலஸ்ட்ராலுக்கு வைத்தியம் பார்க்கப் போய் வந்த வினை.

மீன்கறியில் நாலைந்து காய் போட்டு வேகவைத்து, வீட்டில் எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுவது வேறு விஷயம். அதை நான் தடுக்கவில்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும். நட்சத்திரப் பழத்துக்கும் இதே எச்சரிக்கை. ஏற்கெனவே குடித்துவிட்டு வாந்தி, விக்கல், இடுப்பு வலி, சிறுநீர் குறைவது என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், ஜூஸ் குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர்களுக்குப் பிடிபடும்.

குடம்புளி, பூண்டு, வெந்தயம்?

மூன்றும் கறியில் நன்றாக இருக்கும். வெந்தயத்தில் கரையும் நார் உண்டு, கொஞ்சம் உதவும். பூண்டின் பலன் சின்னது. குடம்புளியைக் கறியில் போடுங்கள், அதன் சத்து என்று காப்ஸ்யூலில் விற்பதை வாங்காதீர்கள். உடம்பு இளைக்க அதைச் சாப்பிட்டுச் சிலருக்கு ஈரல் கெட்டிருக்கிறது.

நான் ரப்பர் வெட்டுகிறவன். விடியுமுன் முந்நூறு மரம் சுற்றி வருகிறேன். இதற்கு மேல் நடக்கவும் வேண்டுமா?

வேண்டாம். உங்களுக்கு அது உடற்பயிற்சிதான். மேடும் பள்ளமுமாக நடக்கிறீர்கள், குனிகிறீர்கள், பாலைச் சுமக்கிறீர்கள். மழைக்காலத்தில் வெட்டு நிற்கிற வாரங்களில் மட்டும் நடையை விட்டுவிடாதீர்கள். இந்தக் கேள்வியைத் தோட்டத்தை ஆளுக்கு விட்டுவிட்டு பைக்கில் போய்ப் பார்த்து வருகிற முதலாளி கேட்டால் பதில் வேறு.

மற்றவர்களுக்கு அளவு வாரம் 150 நிமிடம். ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். வீட்டு வேலை கணக்கில் வருமா என்று அக்காமார் கேட்பார்கள். மூச்சு வாங்கினால் வரும். கிணற்றில் தண்ணீர் இறைப்பதும் முற்றம் அடிப்பதும் வரும், மிக்ஸி போட்டுவிட்டு நிற்பது வராது. வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்துத் தடவை. இதற்கு ஜிம் வேண்டாம்.

நடந்தால் எல்.டி.எல். மளமளவென்று இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொஞ்சம்தான் இறங்கும். நன்றாக இறங்குவது ட்ரைகிளிசரைடு, கூடவே சர்க்கரையும் இரத்த அழுத்தமும். எச்.டி.எல். சில புள்ளிகள் ஏறும். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் ட்ரைகிளிசரைடில் பெரிய மாற்றம் தெரியும்; 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ. பீடி, சிகரெட்டை நிறுத்துவதும் எச்.டி.எல்.லை ஏற்றும், மாரடைப்பு ஆபத்தையும் வெகுவாகக் குறைக்கும்.

இங்கே வருடத்தில் பாதி நாள் மழை. எப்படி நடப்பது?

தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிற ஊர், உண்மைதான். மழை நாளில் வீட்டு வராந்தாவிலோ மாடிப்படியிலோ பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை செய்யலாம். சாப்பிட்ட பிறகு செய்கிற பத்து நிமிடத்துக்குத் தனி மதிப்பு உண்டு. மூட்டு வலி உள்ளவர்கள் சரிவில் இறங்குவதைத் தவிர்த்துச் சமதளத்தில் நடங்கள், அல்லது சைக்கிள் மிதியுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ அதை வாயு என்று ஒதுக்காமல் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என் மகனுக்கு 28 வயசு, ஒல்லி, எண்ணெய்ப் பலகாரமே தொட மாட்டான். எல்.டி.எல். 210. லேப் தப்பாக இருக்குமோ?

ஒருமுறை மறுபடி எடுத்துப் பாருங்கள். தைராய்டு பரிசோதனையும் சேர்த்து எடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். மறுபடியும் அதே எண் வந்து, தைராய்டும் சரியாக இருந்தால் அது பெரும்பாலும் பிறப்பிலேயே வந்தது. எல்.டி.எல்.லை வாங்கிக்கொள்ளும் ஏற்பி ஈரலில் பழுதாக இருக்கும். ஏறக்குறைய 250 முதல் 300 பேருக்கு ஒருவருக்கு இது உண்டு. இந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்குத்தான் 1985-ல் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முடியாது, பையனைக் குறை சொல்லியும் பயனில்லை. மாத்திரை வேண்டும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். குடும்பத்தில் யாராவது ஐம்பதுக்குள் மாரடைப்பால் போயிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

மாத்திரை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்கத் தின்ன வேண்டுமே. சாப்பாட்டிலேயே குறைக்க முடியாதா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. தேங்காய், பொரித்தது, இறைச்சி எல்லாம் குறைத்து, பயறும் நாரும் கூட்டி, ஒழுங்காகச் செய்தால் எல்.டி.எல். 10 முதல் 15 சதவீதம் இறங்கும். 145 இருப்பவர் 125-க்கு வரலாம். வேறு ஆபத்தில்லாதவருக்கு அது போதும். ஸ்டென்ட் வைத்தவருக்கு 145-லிருந்து 55-க்கு வர வேண்டும். கஞ்சியும் பயறும் அவ்வளவு தூரம் கொண்டுபோகாது. ஸ்டாட்டின் மாத்திரை 30 முதல் 50 சதவீதமும் அதற்கு மேலும் குறைக்கும்.

ரிப்போர்ட் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறவர்கள். எண் இறங்கியது மாத்திரையால். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே வந்துவிடும். தசை வலி வந்தால் சொல்லுங்கள், அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாறவோ வழி உண்டு. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இங்கிலீஷ் மருந்து வேண்டாம், இயற்கையாகத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு தகவல்: முதல் ஸ்டாட்டினை 1970-களில் ஜப்பானின் அகிரா எண்டோ கண்டெடுத்தது ஒரு பூஞ்சையிலிருந்து.

ஓணம், கல்யாணம், கோயில் கொடை, பெருநாள் வந்தால்?

சாப்பிடுங்கள். இலைச் சாப்பாட்டில் ஒருநாள் இரண்டு பாயசம் வாங்கியதால் யாருக்கும் அடைப்பு வந்ததில்லை. அதற்கடுத்த ஒரு வாரம் மிச்சமிருக்கிற உப்பேரியையும் முந்திரிக்கொத்தையும் டப்பாவில் வைத்துக்கொண்டு கொறிப்பதுதான் தொல்லை. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அவர்களும் உங்களுக்குக் கொடுத்து அனுப்புவார்கள் என்பது வேறு விஷயம்.

மறுபடி எப்போது எடுத்துப் பார்ப்பது? சாப்பிடாமல் போக வேண்டுமா?

சாப்பாட்டை மாற்றிய பலன் மூன்று நாலு வாரத்திலேயே தெரியத் தொடங்கும், ஆனாலும் மூன்று மாதம் விட்டு எடுங்கள். மாத்திரை தொடங்கியவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள். மொத்தமும் எச்.டி.எல்.லும் பார்க்கச் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் பாதகமில்லை. ட்ரைகிளிசரைடு முன்பு கூடியிருந்தவர்கள் மட்டும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும்; தண்ணீர் குடிக்கலாம், சாயா கூடாது. முந்தின நாள் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தால் இரண்டு நாள் தள்ளி எடுங்கள். காய்ச்சல் வந்து தேறியவர்கள் ஒரு மாதமாவது பொறுங்கள், காய்ச்சலில் எண் பொய்யாக இறங்கியிருக்கும். முடிந்தவரை அதே லேப், பழைய ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.